தொட்டிப் பழமரத்துக்கு ஒட்டு வேண்டுமா, பதியம் போதுமா?

செந்தூல் மாடிக்காரர்:
அடுக்குமாடி வீட்டில் பழமரம் வளர்க்க விரும்புகிறவர் ஒட்டுக்கன்றை, அதாவது ஒரு செடியின் மேல் வேறொரு மரத்தின் குச்சியைப் பொருத்தி வளர்த்த கன்றைத் தவிர வேறெதையும் வாங்கக் கூடாது என்பதே என் கருத்து. விதையில் முளைத்த மாங்கன்று காய்க்க ஐந்தாறு ஆண்டுகளோ அதற்கு மேலுமோ ஆகும். காய்த்த மரத்தின் குச்சியை ஒட்டிய கன்றோ, அந்தக் குச்சி ஏற்கெனவே முதிர்ந்தது என்பதால், இரண்டு மூன்று ஆண்டுகளிலேயே பூத்துவிடும். மரமும் குள்ளமாக நிற்கும்.

பாலிக் புலாவ் தோட்டக்காரர்:
குள்ளமாக நிற்கும் என்பதைத் தவிர மற்றவற்றை ஏற்கிறேன், ஐயா. ஆப்பிளுக்கு இங்கிலாந்தின் ஈஸ்ட் மாலிங் ஆய்வு நிலையம் தந்த எம்9 போன்ற குட்டை வேர்ச்செடிகள், அதாவது மேலே ஒட்டிய மரத்தைக் குட்டையாக வைக்கும் அடிச்செடிகள் உண்டு. நம் பக்கத்து மாங்கன்றோ பெரும்பாலும் கைக்குக் கிடைத்த கொட்டையில் முளைத்த செடியின் மேல்தான் ஒட்டப்படுகிறது. அதை நிலத்தில் நட்டுப் பாருங்கள், கூரையைத் தாண்டும். தொட்டியில் அது சிறுத்திருப்பதற்குக் காரணம் வேருக்கு இடமில்லாததும் உங்கள் கையிலுள்ள கத்தரியும்தான்.

கஸ்தூரி எலுமிச்சைக்கும் கொய்யாவுக்கும் ஜம்பு ஆயர் என்னும் தண்ணீர் ஆப்பிளுக்கும் விண்பதியமே, அதாவது மரத்திலிருக்கும் கிளையிலேயே வேர்விடச் செய்து பிறகு வெட்டி நடுவதே போதும். பென்சில் பருமனுள்ள கிளையில் இரண்டு மூன்று செ.மீ. அகலத்துக்குப் பட்டையை வளையமாக உரித்து, அடியிலுள்ள வழவழப்பான படலத்தைச் சுரண்டி, ஈரமான தேங்காய் நார்த்தூளை வைத்து பிளாஸ்டிக் தாளால் இறுகக் கட்டினால், ஒன்றிரண்டு மாதங்களில் வேர் கண்ணுக்குத் தெரியும். அதுவும் காய்த்த கிளைதானே?

செந்தூல் மாடிக்காரர்:
பதியக்கன்றுக்கு ஆணிவேர் கிடையாதே! 12ஆம் மாடிக் காற்றுக்கு அது தாங்குமா?

பாலிக் புலாவ் தோட்டக்காரர்:
தொட்டிக்குள் ஆணிவேர் இருந்தாலும் அடியில் முட்டிச் சுருளத்தான் போகிறது. ஒரு கழியை ஊன்றிக் கட்டிவிடுங்கள்.

கெப்போங் ஆசிரியை:
இருவருமே நோயைப் பற்றிப் பேசவில்லை. எலுமிச்சை இனத்தைத் தாக்கும் கிரீனிங் நோய் சைலிட் என்னும் சிறு பூச்சியால் பரவுவது போலவே ஒட்டுக்குச்சி வழியாகவும் பரவும். நோயுற்ற தாய்மரத்தின் பதியத்திலும் அது கூடவே வரும். வந்தபின் மருந்து இல்லை. ஆகவே, நடுநரம்பின் இரு பக்கமும் ஒத்துப்போகாமல் திட்டுத்திட்டாக மஞ்சள் படிந்த இலைகள் உள்ள மரத்திலிருந்து எதையும் எடுக்காதீர்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நான் ஒரு நாற்றங்காலில் வாங்கிய ஒட்டு மாங்கன்று அமோகமாக வளர்ந்தது. இரண்டு ஆண்டுகள் கழித்துத்தான் தெரிந்தது, வளர்ந்ததெல்லாம் ஒட்டுக்குக் கீழிருந்து கிளம்பிய காட்டுத்தளிர் என்று. மேலே ஒட்டிய குச்சி எப்போதோ காய்ந்து போயிருந்தது. பதியத்தில் இந்த ஏமாற்றத்துக்கு இடமே இல்லை.

செந்தூல் மாடிக்காரர்:
எலுமிச்சையை விட்டுக்கொடுக்கிறேன், அம்மா. மாமரத்தில் பதியம் சரிவருமா?

பாலிக் புலாவ் தோட்டக்காரர்:
மாவில் அது எளிதில் வேர் விடாது, அங்கே ஒட்டுதான். ஆனால் கோலாலம்பூரில் தொட்டி மாமரமே வீண் என்பேன். ஹரூமானிஸ் மாம்பழம் வடக்கே பெர்லிஸ் மாநிலத்தில் சிறப்பதற்கு ஆண்டுத் தொடக்கத்தில் அங்கே நிலவும் வறட்சி ஒரு முக்கியக் காரணம். உங்கள் ஊர் மழையில் பூங்கொத்து கருகி உதிர்ந்துவிடும்.

செந்தூல் மாடிக்காரர்:
அந்த இடத்தில்தான் தொட்டிக்குச் சாதகம் இருக்கிறது. என் பால்கனிக்கு மேலே கூரை உண்டு. தண்ணீரைக் குறைத்து வறட்சியை நானே உண்டாக்க முடியும், பூவின் மேல் மழையும் விழாது. நிலத்தில் நட்ட உங்களுக்கு அந்த வசதி உண்டா?

பாலிக் புலாவ் தோட்டக்காரர்:
கூரை வெயிலையும் அல்லவா மறைக்கும்! ஆறு மணி நேர நேர்வெயில் விழுகிறதா என்று முதலில் பாருங்கள். விழுந்தால் ஒட்டுங்கள்: நாலைந்து மொட்டுள்ள குச்சியின் இலைகளை ஒரு வாரம் முன்பே கிள்ளிவிட்டு, பட்டைக்கு அடியிலுள்ள பச்சைப் படலம் ஒரு பக்கமாவது வேர்ச்செடியின் படலத்தோடு பொருந்தும்படி வைத்துக் கட்டுங்கள். ஒட்டுவாய், அதாவது ஒட்டிய இடம், மண்ணுக்கு மேலேயே இருக்கட்டும். ஆசிரியை சொன்ன காட்டுத்தளிரை முளைத்த அன்றே கிள்ளுங்கள்.

கெப்போங் ஆசிரியை:
தொட்டியின் அடித்தட்டில் தண்ணீர் தேங்கவும் விடாதீர்கள். டெங்கி பரப்பும் ஏடிஸ் கொசுவின் புழு கண்டால், நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிப்பதற்கான மலேசியாவின் 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி அபராதம் விதிப்பார்கள். மாடி வீடு என்று விலக்கு இல்லை.