ஃபோர்ட்சன் டிராக்டரிலிருந்து பிறந்த லோகோ: 1:19 மாதிரிக்கு யோசனை வேண்டும்

குறும்பாதை:
மான்செஸ்டர் டிராஃபோர்ட் பார்க்கில் இருந்த மியூர்-ஹில் நிறுவனம் 1920களில் ஃபோர்ட்சன் டிராக்டரின் என்ஜினைக் கொண்டு சின்ன லோகோக்களை (ரயில் இழுக்கும் வண்டிகளை) கட்டியது. அந்த வகையில் ஒன்றின் மாதிரியை, நிஜத்தில் 19இல் ஒரு பங்கு அளவில், 2 அடி அகலப் பாதைக்கானதாக, 32 மி.மீ. அகலத் தண்டவாளத்தில் ஓடும்படி செய்துகொண்டிருக்கிறேன். சட்டம் பித்தளைத் தகடு, மற்றவை பிளாஸ்டிக் தகடு. ஓட்டத்தில் குறையில்லை. ஆனால் பார்ப்பவர்கள் எல்லோரும் "அழகான லோகோ" என்கிறார்களே தவிர, உள்ளே ஒரு டிராக்டர் இருப்பது யார் கண்ணிலும் படவில்லை. எதை நுணுக்கமாகச் செய்தால் அது தெரியும்? வார்ப்பிரும்புத் தோற்றத்தை எப்படிக் கொண்டுவருவது? சக்கரங்களை ஓட்டும் சங்கிலிக்கும் வழி சொல்லுங்கள்.

பழைய பேட்டர்ன்காரர்:
தம்பி, வார்ப்பட ஆலையில் பேட்டர்ன் (மணலில் அச்சு எடுக்கும் மாதிரி உரு) செய்தே தலை நரைத்தவன் நான். லோகோவைப் பற்றி அதிகம் தெரியாது, வார்ப்பைப் பற்றிச் சொல்கிறேன்.

1917இல் வந்த அந்த ஃபோர்ட்சனுக்குத் தனியாகச் சட்டமே கிடையாது. என்ஜின், கியர்பெட்டி, பின் அச்சுப் பெட்டி மூன்றையும் வரிசையாக போல்ட் போட்டு முடுக்கினால் அதுதான் வண்டியின் முதுகெலும்பு. ஆகவே அந்த இணைப்பு விளிம்புகள்தான் டிராக்டரின் முகம். நீங்கள் அனுப்பிய படத்தில் என்ஜினும் கியர்பெட்டியும் ஒரே வழவழப்பான பெட்டியாக இருக்கின்றன. விளிம்பைத் தடிப்பாக எடுத்து, சுற்றிலும் போல்ட் தலைகளை வையுங்கள். அரை அங்குல போல்ட் என்று வைத்துக்கொண்டால் அதன் தலை முக்கால் அங்குல அகலம். உங்கள் அளவில் சரியாக 1 மி.மீ. அறுகோணக் கம்பியை மெல்லிசாக நறுக்கி ஒட்டலாம். உருண்டை ஆணித் தலை வைத்தால் கொதிகலன் போல ஆகிவிடும்.

அடுத்து, மூலைகள். வார்ப்பில் உள்மூலை கூராக இருக்காது. இருந்தால் இரும்பு ஆறும்போது அங்கேதான் விரிசல் விழும். ஒவ்வொரு உள்மூலையிலும் பட்டியை (putty பசை) தடவி, பல்குச்சி முனையால் இழுத்து வளைவு கொடுங்கள். வார்க்கும்போது இரண்டு மணல் அச்சுப்பெட்டிகள் சேரும் இடத்தில் ஒரு மெல்லிய கோடு ஓடும், அதையும் விட்டுவிடாதீர்கள்.

சொரசொரப்பு விஷயத்தில்தான் மாதிரி செய்பவர்கள் எல்லை மீறுகிறார்கள். நிஜத்தில் அரை மில்லிமீட்டர் மேடுபள்ளம் உங்கள் அளவில் 0.03 மி.மீ. கூட வராது. தின்னரில் கரைத்த பட்டியைக் குட்டையான முரட்டுத் தூரிகையால் குத்திக் குத்தி வையுங்கள். காய்ந்ததும் 600ஆம் நம்பர் உப்புத்தாளால் ஈரமாகத் தேய்த்து, இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வரும் அளவுக்கு மட்டும் மிச்சம் வையுங்கள். கடைந்து எடுத்த முகங்களில் அதுவும் கூடாது.

தண்டவாளப்பித்தன்:
ஐயா சொன்னதோடு ஒன்று. படத்தில் தண்ணீர் பம்பு மாதிரி ஒன்று ரேடியேட்டருக்குக் கீழே தெரிகிறதே, அதை எடுத்துவிடுங்கள். சுடுநீர் தானாக மேலேறி, ஆறியது கீழிறங்கும் முறைதான் அதில் இருந்தது, பம்பு கிடையாது. அதனால்தான் குழாய்கள் அத்தனை பருமன். பெட்ரோலில் கிளப்பி, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றும் வண்டி அது. ஆகவே பெரிய தொட்டியோடு பெட்ரோலுக்கும் சிறியதாக ஓர் இடம் வேண்டும். மண்ணெண்ணெயின் கரிப்புகை எங்கே படியும் என்று யோசித்து வண்ணம் பூசினால் போதும். துருப்பொடியை வாரி இறைக்காதீர்கள், தினமும் ஓடிய வண்டி அது.

சங்கிலிக்கு, ஒன்றரை அங்குலக் கண்ணி இடைவெளி என்றால் உங்களுக்கு 2 மி.மீ. ஓட்டத்தை உள்ளே கியரிடம் விட்டுவிட்டு வெளியே அலங்காரச் சங்கிலி போடுவதே புத்திசாலித்தனம். ஒரு பக்கம் இறுக்கமாகவும் மறுபக்கம் சற்றுத் தொய்வாகவும் இருக்கட்டும். இரண்டு பக்கமும் கம்பி போல விறைத்து நின்றால் பொய் என்று தெரிந்துவிடும். சங்கிலியின் பக்கத் தகடுகளில் கிரீஸும் தூசியும் கலந்த கறுப்பு, உருளைகளில் மட்டும் உலோகப் பளபளப்பு.

குறும்பாதை:
நன்றி ஐயா, நன்றி நண்பரே. பம்பை இன்றே பிடுங்கிவிடுகிறேன். இன்னொரு சந்தேகம்: டிராக்டரில் முன்னோக்கி மூன்று கியர், பின்னோக்கி ஒன்றுதான். லோகோ இரண்டு பக்கமும் ஒரே வேகத்தில் போக வேண்டுமே, அதற்கான திசைமாற்றுப் பெட்டியைத் தனி வார்ப்பாகக் காட்டவா?

பழைய பேட்டர்ன்காரர்:
தனியாகவே காட்டுங்கள். ஆனால் ஃபோர்ட் வார்ப்போடு அது ஒட்டிப் பிறந்தது போல இருக்கக் கூடாது. வேறு பட்டறை, வேறு பேட்டர்ன். விளிம்பின் தடிமனையும் போல்ட் இடைவெளியையும் கொஞ்சம் மாற்றுங்கள்.