லண்டன் – பாரிஸ்: போக 2 மணி 20 நிமிடம், வர 20 நிமிடம்தானா?

ஈஸ்ட்ஹாம் மகள்:
எல்லோருக்கும் வணக்கம். கோடை முடிவில் பாரிஸ் மாணிக்க விநாயகர் தேருக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகலாம் என்று விமான டிக்கெட் பார்த்தேன், ஒன்றும் புரியவில்லை. லண்டனில் காலை 9.10க்குக் கிளம்பினால் 11.30க்குப் பாரிஸ் என்கிறது, திரும்பும்போது மாலை 6.00க்கு ஏறினால் 6.20க்கு லண்டன் என்கிறது. இது எப்படி? தூரம்தான் எவ்வளவு? அம்மாவுக்கு முழங்கால் வலி, ஒரே இடத்தில் உட்கார்ந்துவிட்டால் எழுவது கஷ்டம், அதனால்தான் நிமிடக் கணக்குக் கேட்கிறேன்.

ஹாரோ அண்ணன்:
டிக்கெட்டில் போடுவது அந்தந்த ஊர் நேரம், தங்கச்சி. பாரிஸ் லண்டனைவிட ஒரு மணி நேரம் முன்னால், கோடையிலும் குளிரிலும் அப்படித்தான். போகும்போது ஒரு மணியைக் கழியுங்கள், வரும்போது கூட்டுங்கள், இரண்டு பக்கமும் 1 மணி 20 நிமிடம் வந்துவிடும். நேர்கோட்டில் பார்த்தால் ஏறக்குறைய 345 கிலோமீட்டர்தான். அந்த 1.20ம் முழுக்கப் பறப்பது இல்லை, விமானம் கேட்டை விட்டு நகர்ந்ததிலிருந்து அங்கே கேட்டில் போய் நிற்கும் வரை எண்ணுவார்கள், ஓடுபாதைக்கு வரிசையில் நிற்பதும் அதற்குள் அடக்கம். வானத்தில் இருப்பது முக்கால் மணியோ கொஞ்சம் கூடவோ.

லா சப்பல்காரி:
பறக்கும் நேரத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள் அக்கா. போன வருடம் என் மாமியாரை விமானத்தில் கூட்டி வந்தேன், வீட்டு வாசலிலிருந்து வாசலுக்கு ஆறு மணி நேரத்துக்கு மேல் போய்விட்டது, அதில் உட்கார்ந்ததைவிட நின்றதுதான் அதிகம். பாஸ்போர்ட் வரிசையில் கைத்தடியை ஊன்றி, ஒவ்வொரு அடிக்கும் கைப்பையைக் காலால் தள்ளிக்கொண்டே வந்தார், எனக்கு அழுகையே வந்துவிட்டது. அதற்கப்புறம் சார்ல் து கோல் விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் வர இன்னும் 25 கிலோமீட்டர்.

யூரோஸ்டார் ரயிலில் வாருங்கள். லண்டன் செயின்ட் பாங்கிராஸ் ரயில் நிலையத்தில் ஏறினால் ஏறக்குறைய 2 மணி 20 நிமிடம், கடலடிச் சுரங்கம் 50 கிலோமீட்டர், அது ஏறக்குறைய 20 நிமிடத்தில் முடிந்துவிடும். அம்மா நடுவில் எழுந்து நாலு அடி நடக்கலாம். பிரான்ஸ் பக்கத்துப் பாஸ்போர்ட் சோதனையும் லண்டனிலேயே முடிந்துவிடுவதால், பாரிஸின் 'கார் து நோர்' ரயில் நிலையத்தில் இறங்கி நேரே வெளியே வரவேண்டியதுதான். அங்கிருந்து நம் தமிழ்க் கடைகள் இருக்கும் லா சப்பல் கடைத்தெரு நடக்கும் தூரம். ஒன்றரை மணி நேரம் முன்னதாக நிலையத்துக்கு வந்துவிடுங்கள், சக்கர நாற்காலி உதவியை முன்கூட்டியே பதிந்துவிடுங்கள்.

குரோய்டன் மாமா:
அம்மாவிடம் இலங்கை பாஸ்போர்ட் என்றால் ஷெங்கன் விசா (பிரான்ஸ் உட்படப் பல ஐரோப்பிய நாடுகளுக்கான பொது விசா) கட்டாயம், பிரிட்டனில் வசிக்கும் அனுமதி இருந்தாலும்தான். டிக்கெட்டுக்கு முன்னால் அதைப் பாருங்கள். அப்புறம், பிரிட்டனிலிருந்து இறைச்சியோ பால் பொருளோ பிரான்சுக்குக் கொண்டுபோகக் கூடாது, பால்கோவா கட்டிவிடாதீர்கள். முறுக்குக்குப் பிரச்சினை இல்லை.

ஈஸ்ட்ஹாம் மகள்:
நேரக் கணக்கு இப்போதுதான் விளங்கியது அண்ணா, நன்றி. அம்மாவிடம் பிரிட்டிஷ் பாஸ்போர்ட்தான் மாமா. ரயில் என்றே முடிவு செய்துவிட்டோம், அம்மா இப்போதே ஜன்னல் ஓர இருக்கை கேட்கிறார். லா சப்பல் தங்கச்சி, தேர் அன்று கூட்டத்தில் அம்மா உட்கார்ந்து பார்க்க ஓர் இடம் சொல்ல முடியுமா?

லா சப்பல்காரி:
தேங்காய் உடைக்கும் இடத்துக்கு மட்டும் போகாதீர்கள், தெருவெல்லாம் வழுக்கும். மடக்கு நாற்காலி நான் கொண்டு வருகிறேன்.