கல்யாணத்துக்குக் கோலி பன்னீர் சோடா எங்க கிடைக்கும்?

மண்டபம் ஊர்ல மச்சான் கல்யாணம். பன்னீர் சோடாதான் வைக்கணும்னு மாமா ஒத்தக்கால்ல நிக்கிறாரு. பிளாஸ்டிக் பாட்டில்ல வர்றது ஊதுபத்தியக் கரைச்ச மாதிரி இருக்கு. கோலி பாட்டில் வேணும்.

ராம்நாட்டுக்காரன்: தம்பி, ராமநாதபுரத்துல விசாரிங்க. வாங்கும்போது கழுத்துல ரப்பர் வளையத்தைப் பாருங்க. உள்ள இருக்கிற கேஸ் கோலியை அதுல அழுத்திப் பிடிச்சாத்தான் காத்து நிக்கும். வளையம் தேஞ்சிருந்தா வெறும் ரோஸ் தண்ணிதான். 1872ல ஹிராம் காட்ங்கிற இங்கிலாந்துக்காரர் காப்புரிமை வாங்குன பாட்டில் இது, நம்ம வெயிலுக்கு இன்னும் உழைக்குது!

தொண்டி மாப்ள: பிரியாணிக்கு மேல பன்னீரா? இஞ்சி சோடா வைங்க.

கீழக்கரையான்: எங்க வாப்பா காதுல விழுந்தா சண்டைதான். பிரியாணின்னா பன்னீர்தான். கோலி கழுத்துக் குழியில தங்குற மாதிரி சாய்ச்சுக் குடிங்க, இல்லன்னா அடைச்சுக்கும். காலி பாட்டிலை எண்ணித் திருப்பிக் கொடுத்துடுங்க.