அழுக்குக் கோட்டு

பணியில் இருப்பவர்:
என் அப்பாவும் தீயணைப்பு வீரர்தான். கரி அப்பிய கோட்டோடு வீட்டுக்குள் வருவார். அதை மாட்டிக்கொண்டு, கைகள் தரையில் புரள, நான் வீடெல்லாம் சுற்றியிருக்கிறேன். அந்தக் காலத்தில் அழுக்குக் கோட்டுதான் அனுபவத்துக்குச் சான்று. துவைத்த கோட்டோடு வருகிறவரைப் புதியவர் என்று கேலி செய்வார்களாம். இன்றோ, தீயை அணைத்த இடத்திலேயே கோட்டைக் கழுவினால்தான் எங்களை வண்டியில் ஏறவிடுவார்கள். கரியில் புற்றுநோய் உண்டாக்கும் நச்சுகள் ஒட்டியிருக்கும். இந்தப் பணியே புற்றுநோய்க்குக் காரணமாகிறது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2022-ல் அறிவித்தது. என் மகள் என் கோட்டைத் தொடக்கூடாது. அதில் அவளுக்குக் கோபம்.

ஓய்வுபெற்றவர்:
உன் அப்பா தலைமுறைதான் நானும், அம்மா. மூச்சுக்கருவி வண்டியில் இருக்கும். மாட்டிக்கொண்டால் பயந்தாங்கொள்ளி என்று பெயர் வரும். ஈரத்துணியை முகத்தில் கட்டிக்கொண்டு தரையோடு தரையாகத் தவழ்வோம். தவழ்ந்தது சரி, புகை மேலேதான் முதலில் சேரும். துணிதான் ஏமாற்று வேலை. கார்பன் மோனாக்சைடு அதற்குள் தாராளமாக நுழையும். வெளியே வந்து சுவரைப் பிடித்தபடி வாந்தி எடுத்த நாட்கள் உண்டு. மறுநாள் அதையே பெருமையாகச் சொல்வோம், முட்டாள்கள்.

தீயும் மாறிவிட்டது, பிள்ளைகளே. மரமும் பருத்தியும் இருந்த அறை மெல்ல எரியும். இன்றைய சோபாவில் இருப்பதெல்லாம் பிளாஸ்டிக் நுரை. இரண்டு வகை அறைகளையும் எரித்துப் பார்த்த சோதனைகளில், புதிய அறை 5 நிமிடத்துக்குள் முழுதாகப் பற்றிக்கொண்டது. பழைய அறைக்குக் கிட்டத்தட்ட 30 நிமிடம் பிடித்தது.

பழைய பொருள் பிரியர்:
அருங்காட்சியகம் ஒன்றில் பழைய கைப்பம்பை இயக்கிப் பார்த்தேன். சீசா பலகைபோல இருபுறமும் ஆட்கள் நின்று அழுத்த வேண்டும். இரண்டே நிமிடத்தில் தோள் விட்டுப்போயிற்று. குழாய் இல்லாத காலத்தில் அந்தப் பம்பையே தீயின் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்துவார்களாம். 1670-களில் ஆம்ஸ்டர்டாமில் யான் வான் டெர் ஹெய்டன் வளைகிற தோல் குழாயைக் கொண்டுவந்த பிறகுதான் தண்ணீர் வீட்டுக்குள் படியேறிப் போனது. அவர் ஓவியர் என்பது கூடுதல் வேடிக்கை.

ஒன்பதாம் வகுப்பு மாணவி:
பள்ளியிலிருந்து தீயணைப்பு நிலையத்துக்குப் போனோம். முழு உடையில் ஓர் அக்கா விளக்கிக்கொண்டிருந்தார். நடுநடுவே அவர் தோளில் ஏதோ கீச்சிட, உடனே இடுப்பை ஒரு ஆட்டு ஆட்டுவார். நாங்கள் சிரித்துவிட்டோம். கீழே விழுந்தவரைக் காட்டிக்கொடுக்கும் கருவியாம் அது. அரை நிமிடம் அசையாவிட்டால் அலறும். அலறவிட்டுக் காட்டினார், காதைப் பொத்திக்கொண்டோம்.

ஓய்வுபெற்றவர்:
எங்கள் ஆள் ஒருவர் உள்ளே விழுந்தபோது, இருட்டில் சுவரைத் தடவித் தடவித்தான் தேடினோம். கையில் பட்டது அவர் பூட்ஸ்.