அப்பா வீட்டை இடித்து ரூம் கட்டலாமா? மாமல்லபுரத்திலிருந்து ஆவணிக் கடிதம்

ஊர்ச் சொந்தங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

சிங்கப்பூர், மஸ்கட், அமெரிக்காவில் கோயில் திருப்பணி என்று ஆளுக்கொரு மூலையில் இருந்தாலும், கொஞ்ச நாளாக உங்களில் பலர் கேட்பது ஒரே கேள்விதான். "அண்ணா, பணம் அனுப்புகிறேன், அப்பா வீட்டை இடித்துவிட்டு இரண்டு மாடி ஏற்றி ரூம் விடலாமா?" ஒவ்வொருவருக்கும் தனியாக எழுதுவதைவிடப் பொதுவில் சொல்லிவிடுகிறேன். இடிக்க வேண்டாம். இருக்கிற வீட்டைப் பழுது பார்த்து, அந்த வீடாகவே விருந்தாளிக்கு விடுங்கள். காரணத்தைச் சொல்லி முடிப்பதற்குள் ஊர்ச் செய்தியும் ஊடே ஊடே வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த ஆசை இப்போது கிளம்பியதற்குக் காரணம் தெரிகிறது. 2025 ஆகஸ்ட் 3 முதல் 12 வரை இங்கே ஆசிய அலைச்சறுக்குப் போட்டி நடந்ததே, அந்த வீடியோக்களை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். கடைசி நாளில் ரமேஷ் புதிஹால் வெண்கலம் வாங்கினார். இந்தப் போட்டியில் தனிநபர் பிரிவில் இந்தியர் ஒருவர் பதக்கம் வாங்குவது அதுதான் முதல் தடவை. கரையில் நின்று கத்திய கத்தலில் நம் குப்பத்துப் பையன்களுக்குத் தொண்டை கட்டிவிட்டது. பத்து வயசுப் பிள்ளைகளெல்லாம் பலகையைத் தூக்கிக்கொண்டு திரிகிறார்கள். கடலில் எங்கே இழுக்கும், எங்கே தள்ளும் என்று பிறந்ததிலிருந்து பார்த்த பிள்ளைகள், சறுக்காமல் என்ன செய்வார்கள்?

ஆனால் அந்தப் பத்து நாள் கூட்டத்தை வைத்து வருஷத்தைக் கணக்குப் போடக் கூடாது. 2019 அக்டோபரில் மோடியும் ஷி ஜின்பிங்கும் வந்தபோது உலகமே நம் ஊரைப் பார்த்தது. இங்கே கடையெல்லாம் மூடியிருந்தது, படகு கடலுக்குப் போகவில்லை. 2022இல் செஸ் ஒலிம்பியாட் இங்கே பக்கத்தில் பூஞ்சேரியில் நடந்தது. ஆட்டக்காரர்கள் கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கும் பெரிய ரிசார்ட்டுகளில் தங்கி, பஸ்ஸில் போய் ஆடிவிட்டு, பஸ்ஸிலேயே திரும்பினார்கள். நம் ஒத்தவாடைத் தெருவுக்கு அதனால் வந்த வரும்படி சொல்லிக்கொள்ளும்படி இல்லை. விழாவால் ஊருக்குப் பெயர் வரும். நம் தெரு ரூமுக்கு ஆள் வருவது வேறு கணக்கு.

அப்புறம் அந்தத் தாஜ்மகால் புள்ளிவிவரம். 2021-22இல் வெளிநாட்டவர் அதிகம் வந்த தொல்லியல் துறைச் சின்னம் மாமல்லபுரம்தான், 1,44,984 பேர், தாஜ்மகாலுக்கு 38,922 பேர்தான் என்று மத்திய அரசு 2022இல் வெளியிட்ட அறிக்கையை இன்னமும் அனுப்பிக்கொண்டிருக்கிறீர்கள். பெருமைதான், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அது கொரோனா அடங்கியும் அடங்காத வருஷம். ஒத்தவாடைத் தெருவில் பாதிக் கதவு சாத்திக் கிடந்ததை இங்கே இருந்தவர்கள் பார்த்தோம். அந்த எண்ணை நம்பி யாரும் வங்கிக் கடன் வாங்காதீர்கள்.

இங்கே சீசன் என்றால் மார்கழி, தை. இழுத்துப் பிடித்தால் மாசி வரை. நாட்டிய விழா நடக்கும் அந்தச் சமயத்தில் வெள்ளைக்காரர்கள் வந்து தங்குவார்கள். மற்ற மாதங்களில் சனி, ஞாயிறுக் கூட்டம், அதுவும் பெரும்பாலும் சென்னைக் கூட்டம். சென்னை அறுபது கிலோமீட்டர்கூட இல்லை, சாலையும் நன்றாக இருக்கிறது. காலையில் வந்து வெண்ணெய் உருண்டைக் கல்லுக்கு முட்டுக் கொடுப்பதுபோலப் படம் எடுத்து, மீன் வறுவல் சாப்பிட்டு, இருட்டுவதற்குள் கிளம்பிவிடுகிறார்கள். கார் நிறுத்த இடமில்லாமல் நாம்தான் சந்துக்குள் மாட்டிக்கொள்கிறோம். ராத்திரி தங்குகிறவன் குறைந்துகொண்டு வரும்போது ரூம் மட்டும் கூடிக்கொண்டே போகிறது.

இனி முக்கியமான சமாசாரம், சட்டம். 2010இல் திருத்திய தொல்லியல் சின்னங்கள் சட்டப்படி, பாதுகாக்கப்பட்ட சின்னத்திலிருந்து 100 மீட்டர் வரை புதுக் கட்டடமே கூடாது. அதற்கு அப்பால் இன்னும் 200 மீட்டருக்கு அனுமதி வாங்கித்தான் கட்ட வேண்டும். மற்ற ஊரில் ஒரு கோட்டையோ ஒரு கோயிலோ இருக்கும், அதைச் சுற்றி ஒரு வட்டம். நமக்குக் கடற்கரைக் கோயில், ஐந்து ரதம், அர்ச்சுனன் தபசு, குன்று முழுக்கக் குகைகள் என்று ஊரே சின்னம். வட்டத்தின் மேல் வட்டம் விழுந்து, நம் வீடுகளில் பல ஏதாவது ஒரு வட்டத்துக்குள் அகப்பட்டுக்கொள்கின்றன.

அந்த 100 மீட்டருக்குள் வீடு இருக்கிறவர்கள் கவனமாகப் படியுங்கள். 1992 ஜூன் 16க்கு முன்பே இருந்த வீடு என்றால், அனுமதி வாங்கிப் பழுது பார்க்கலாம், புதுப்பிக்கலாம். அந்த உரிமை நின்றுகொண்டிருக்கும் வீட்டுக்கு மட்டும்தான். இடித்துவிட்டால் அதே அளவில்கூடத் திருப்பிக் கட்ட வழியில்லை. மீறிக் கட்டினால் இரண்டு வருஷம் வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். நமக்குத் தெரிந்த ஒருவர், "எல்லாம் பார்த்துக்கொள்ளலாம் சார்" என்ற இடைத்தரகர் பேச்சை நம்பி, நன்றாக இருந்த ஓட்டு வீட்டை இடித்தார். இன்றைக்கு அந்த இடத்தில் தகரக் கொட்டகை போட்டு இளநீர் விற்கிறார். இடைத்தரகர் போன் எடுப்பதில்லை. ஆகவே பரணில் கிடக்கும் பழைய வீட்டு வரி ரசீது, கரண்ட் கார்டு எதையும் தூக்கிப் போடாதீர்கள். உங்கள் அம்மா குப்பை என்று சொன்னாலும் சரி. 1992க்கு முன்பு அங்கே வீடு இருந்தது என்று காட்ட அதுதான் கையில் இருக்கும் ஆதாரம்.

இந்தச் சட்டம் நம்மைப் படுத்துகிறது என்பதில் எனக்கும் கோபம் உண்டு. பிள்ளைக்குக் கல்யாணம் ஆனால் மாடியில் ஒரு அறை போட முடியவில்லை. அதே சமயம், இந்தச் சட்டம் மட்டும் இல்லாமல் இருந்தால் ஐந்து ரதத்தின் முதுகில் சாய்ந்துகொண்டு ஒரு ஆறு மாடி லாட்ஜ் நின்றிருக்கும். இரண்டும் உண்மை.

கரையோரம் வீடு இருக்கும் குப்பத்துச் சொந்தங்களுக்கு, கடலோரத்தில் கட்டடம் கட்டுவதைக் கட்டுப்படுத்தும் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதியும் சேர்ந்துகொள்ளும். ஆனால் அதிலேயே நமக்குச் சாதகமாக ஒரு வரி இருக்கிறது. 2019 அறிவிக்கையில், மீனவர் உள்ளிட்ட பாரம்பரியக் கடலோர மக்கள் தங்கள் வீட்டில் ஹோம்ஸ்டே நடத்தலாம் என்று எழுதியிருக்கிறார்கள். நிபந்தனை, வீட்டின் அடித்தளப் பரப்பு, அமைப்பு, முகப்பு எதையும் மாற்றக் கூடாது. நான் முதலில் சொன்னதும் இதுதானே?

சட்டத்தை விடுங்கள், கடலே ஒப்புக்கொள்ள வேண்டும். வெளியூரில் இருப்பவர்கள் மனதில் நீங்கள் கபடி ஆடிய அகலத்துக்குத்தான் மணல் இருக்கிறது. இங்கே கரை அப்படி இல்லை. நம் கடலில் மணல் சும்மா கிடப்பதில்லை. தென்மேற்குக் காற்றுக் காலம் முழுக்க வடக்கே நகரும், வடகிழக்குப் பருவத்தில் கொஞ்ச மாதம் தெற்கே திரும்பும். மொத்தத்தில் வடக்கே போவதுதான் அதிகம். எங்கே கல்லைக் கொட்டி மறித்தாலும், அதற்குத் தெற்கே மணல் சேரும், வடக்கே அரிக்கும். கடற்கரைக் கோயிலைக் காப்பாற்றக் கல் கொட்டினார்கள். கொட்டாமல் இருந்தால் கோயில் இன்றைக்கு இருந்திருக்குமா என்பது சந்தேகம், அதனால் அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் கோயிலுக்கு வடக்கேதான் நம் படகுகள் நிற்கின்றன. ஒரு பக்கம் அலை, இன்னொரு பக்கம் ரெஸ்டாரண்ட் நாற்காலி, நடுவில் வலை உலர்த்த இடம் தேடுகிறார்கள். இதில் ஒவ்வொரு கட்டடக்காரரும் தன் வாசலுக்கு மட்டும் கல் கொட்டினால், அரிப்பு அடுத்த வீட்டுக்குப் போகுமே தவிர நிற்காது.

2022 டிசம்பர் 9 ராத்திரி மாண்டஸ் புயல் நம் ஊரை ஒட்டித்தான் கரை கடந்தது. அன்றைக்குப் படகை ரோடு வரை இழுத்து வந்து கட்டியவர்களைக் கேளுங்கள், கடலைப் பார்த்த ரூமின் மதிப்பைச் சொல்வார்கள். சுனாமிக்குப் பிறகு பக்கத்துச் சாளுவன்குப்பத்தில் தோண்டியபோது கிடைத்த முருகன் கோயில் நினைவிருக்கிறதா? பல்லவர் கட்டுமானத்துக்குக் கீழே அதற்கும் பழைய செங்கல் கோயில். அதைச் சாய்த்தது கடல்தான் என்பது தோண்டியவர்கள் கருத்து. முருகன் வீட்டுக்கே அந்தக் கதி.

சிற்பக்கூடக்காரர்களுக்கும் ரூம்காரர்களுக்கும் நடக்கும் சண்டையையும் சொல்ல வேண்டும். உளிச் சத்தம் யாருக்கும் தொந்தரவாக இருந்ததில்லை. இப்போது கட்டிங் மெஷின், கிரைண்டர். காலை எட்டு மணிக்கு ஆரம்பித்தால் பக்கத்து லாட்ஜில் தூங்குகிறவர் கீழே இறங்கி வந்து கத்துகிறார். கூடத்தை ஊருக்கு வெளியே கொண்டுபோங்கள் என்று லாட்ஜ்காரர் சொல்கிறார். நான் கூடத்துப் பக்கம். 1957இல் இங்கே சிற்பக் கல்லூரி வந்தது, அதில் முதல்வராக இருந்த கணபதி ஸ்தபதிதான் குமரியில் 133 அடி வள்ளுவரை நிறுத்தினார். 2017இல் நம் கற்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. கல் வேலை இல்லாத மாமல்லபுரத்தைப் பார்க்க எவன் வருவான்? அதே மூச்சில் கூடத்துத் தம்பிகளுக்கும் ஒன்று சொல்கிறேன். மெஷின் கிளப்பும் தூசி பழைய உளித் தூசி இல்லை, நுரையீரலில் போய் உட்கார்ந்துவிடும். துண்டைக் கட்டிக்கொண்டால் நிற்காது. வெளிநாட்டுத் திருப்பணியில் இருப்பவர்கள் அங்கே போட்டுக்கொள்ளும் நல்ல முகமூடிகளை, வரும்போது பெட்டியில் பத்து வைத்துக் கொண்டுவாருங்கள். சாக்லேட் போதும் போதும் என்று இருக்கிறது.

மீன் செய்தி. சித்திரை, வைகாசியில் 61 நாள் தடை விசைப்படகுக்குத்தான். நம்மிடம் இருப்பது ஃபைபர் படகு, அதனால் போய்வந்தார்கள். விலையும் கிடைத்தது. இப்போது நெத்திலியும் காரப்பொடி மீனும் கரையில் தெரிகின்றன. வஞ்சிரம், பெரிய இறால், நண்டு எல்லாம் ஏலத்திலேயே ரெஸ்டாரண்ட்காரர் கைக்குப் போய்விடும், நம் குழம்புக்குக் கவலை மீன்தான். எனக்கு அதில் வருத்தம் இல்லை, மாங்காய் போட்டு வைத்தால் கவலைக்கு ஈடு உண்டா? 2025 ஜனவரியில் சென்னைக் கரை நெடுக ஆமைகள் நூற்றுக்கணக்கில் செத்து ஒதுங்கியதைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். பெரிய இழுவைப் படகுகள் கரைக்குக் கிட்டே வந்து இழுப்பதுதான் காரணம் என்று நம் ஆட்கள் வருஷாவருஷம் சொல்வதுதான். ஆமை செத்த பிறகு மற்றவர்களும் சொன்னார்கள்.

மாசி மகத்துக்கு இருளர் சொந்தங்கள் இந்த வருஷமும் வந்து, மணலில் குடில் கட்டித் தங்கி, கன்னியம்மனைக் கும்பிட்டு, கல்யாணம் பேசி முடித்துப் போனார்கள். அவர்கள் வந்து தங்குவதற்கும் அந்த மணல்தான் வேண்டும்.

சரி, வீட்டுக்கு வருகிறேன். பழுது பார்த்து விட நினைப்பவர்கள் முதலில் சர்வே எண்ணை வைத்து, வீடு எந்த வட்டத்துக்குள் வருகிறது என்று எழுத்தில் வாங்குங்கள், வாய்ப்பேச்சு வேண்டாம். ஓடு மாற்றவும் கழிவறை கட்டவும்கூட அனுமதி கேட்டுவிட்டே தொடுங்கள். சுற்றுலாத் துறையில் பதிவு செய்யுங்கள். வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அவர் விவரத்தை அரசின் இணையதளத்தில் ஏற்ற வேண்டும், அது வீட்டுக்காரர் பொறுப்பு. வெளிநாட்டுப் பாஸ்போர்ட் வாங்கிவிட்ட நம் பிள்ளைகள் காசு கொடுத்துத் தங்கினாலும் அதேதான், சிரிக்காதீர்கள். முக்கியமாக, வீட்டில் யாராவது இருக்க வேண்டும். திண்ணை, முற்றம், காலையில் இட்லி, சாயங்காலம் படகு வரும் நேரத்தைச் சொல்ல ஒரு பெரியம்மா, இதற்குத்தான் ஆள் வருகிறான். ஏசி போட்ட காலி அறை அவனுக்குச் சாலை நெடுகக் கிடைக்கிறது. யாரும் இல்லாத பூட்டிய வீட்டை ரூமாக்கிப் பொறுப்பை என் தலையில் கட்டலாம் என்று நினைக்கிறவர்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன், என்னால் ஆகாது.

மார்கழியில் வருகிறவர்கள் ஐப்பசிக்குள் தேதியை எழுதிவிடுங்கள். நாட்டிய விழா சமயத்தில் உங்களுக்கே ரூம் கிடைக்காது. எங்கள் வீட்டில் இடம் உண்டு, ஆனால் மாடி பிள்ளைகளுக்கு, பெரியவர்களுக்குத் திண்ணைதான். கொசுவலையை நீங்களே கொண்டுவர வேண்டும்.

அன்புடன்,
ஒத்தவாடைத் தெரு அண்ணன்