லேப் பிரிண்டரும் நோயாளிகளின் ஃபோனும் ஒரே வைஃபையில்: எப்படிப் பிரிப்பது?

லேப்_அக்கா:
வணக்கம். மாடியில் சின்னதாக ஒரு ரத்தப் பரிசோதனை நிலையம் நடத்துகிறேன். ஃபைபர் கனெக்‌ஷன், அவர்கள் வைத்துவிட்டுப் போன ரவுட்டர், ஒரு சாதாரண எட்டு போர்ட் சுவிட்ச், அப்புறம் வைஃபை பரப்பும் இரண்டு ஆக்சஸ் பாயின்ட் (ஒன்று வெயிட்டிங் ஹால் சுவரில், ஒன்று உள்ளே). பாஸ்வேர்டு எங்கள் லேப் மொபைல் நம்பர்தான், கேட்பவர்களுக்கெல்லாம் சொல்லிவிடுவோம்.

போன வாரம் ரிப்போர்ட் பிரிண்டரில் யார் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையோ மூன்று பக்கம் வந்து விழுந்தது. ஹாலில் உட்கார்ந்திருந்த ஒருவர் ஃபோனில் தெரிந்த பிரிண்டரைத் தன் வீட்டுப் பிரிண்டர் என்று நினைத்துக் கொடுத்துவிட்டார், அவர் மேல் தப்பே இல்லை. ஆனால் அதே நெட்வொர்க்கில்தான் பில்லிங் கம்ப்யூட்டர், எல்லார் ரிப்போர்ட்டும் இருக்கும் ஷேர் ஃபோல்டர், கேமரா டிவிஆர் எல்லாம் இருக்கின்றன. வைஃபை பெயரை மறைத்து, மேக் ஃபில்டர் (மேக் முகவரி என்ற அடையாள எண்ணைப் பார்த்து, தெரிந்த கருவிகளை மட்டும் சேர்ப்பது) போட்டால் போதும் என்கிறார் தெரிந்த ஒருவர். போதுமா? நோயாளிகளுக்கு வைஃபையை நிறுத்த மனமில்லை. வெறும் வயிற்றில் ஒரு முறை ரத்தம் கொடுத்து, சாப்பிட்டு, இரண்டு மணி நேரம் காத்திருந்து மறுபடி கொடுப்பவர்கள் அவர்கள்.

கிரிம்பிங்_கை:
போதாது அக்கா. பெயரை மறைத்தால், ஏற்கனவே கனெக்ட் ஆன ஃபோன்கள் சேரும்போது அவையே அந்தப் பெயரைக் காற்றில் சொல்லிவிடும். மேக் முகவரியும் என்க்ரிப்ட் ஆகாமல்தான் போகிறது, பார்த்து அப்படியே காப்பி அடிக்கலாம். போதாததற்கு ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14-இல் இருந்து ஃபோன்கள் ஒவ்வொரு வைஃபைக்கும் ஒரு பொய் மேக் முகவரியைக் காட்டுகின்றன, கடைசியில் உங்கள் ஊழியர்கள்தான் வெளியே நிற்பார்கள்.

முதலில் அந்த மொபைல் நம்பரை மாற்றுங்கள். உங்கள் நம்பர் போர்டிலேயே இருக்கும், அது வேறு. சொந்த நம்பரைப் பாஸ்வேர்டாக வைத்திருக்கும் மற்றவர்களும் கவனியுங்கள்: டபிள்யூபிஏ2 என்ற வைஃபை பாதுகாப்பு முறையில் ஒரு ஃபோன் கனெக்ட் ஆகும் நொடியைப் பதிவு செய்துகொண்டு போனால், வீட்டில் உட்கார்ந்து ஒவ்வொரு நம்பராகப் போட்டுப் பார்க்கலாம். 6, 7, 8, 9-இல் தொடங்கும் பத்து இலக்க எண்கள் மொத்தமே 400 கோடிதான். நல்ல கிராஃபிக்ஸ் கார்டு நொடிக்குப் பல லட்சம் பார்க்கும், சில மணி நேரத்தில் முடிந்துவிடும். சம்பந்தமில்லாத நாலைந்து சொற்களைச் சேர்த்து நீளமாக வையுங்கள், 63 எழுத்து வரை இடம் இருக்கிறது.

பாஸ்வேர்டு அடிக்காமல் பட்டனாலோ பின் எண்ணாலோ வைஃபையில் சேர்க்கும் டபிள்யூபிஎஸ்ஸை அணைத்துவிடுங்கள். எட்டு இலக்க பின் என்றாலும் அதை இரண்டு பாதியாகச் சரிபார்க்கிறது, கடைசி இலக்கம் வெறும் சரிபார்ப்பு எண். அதனால் 11,000 முயற்சிக்குள் கிடைத்துவிடும் என்று 2011-லேயே வெளியே வந்துவிட்டது.

சர்வர்_ரூம்:
மேலே சொன்னது எல்லாம் சரி, ஆனால் பாஸ்வேர்டு எவ்வளவு நீளமாக இருந்தாலும் அதை நோயாளிக்குச் சொல்லத்தானே போகிறீர்கள்? அதனால் கெஸ்ட் வைஃபை தனியாக வேண்டும். இதில் பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. பல மலிவான கருவிகள் ரவுட்டராக ஓடும்போதுதான் கெஸ்ட்டைப் பிரிக்கும். ஆக்சஸ் பாயின்ட் மோடில் போட்டால் பெயர் மட்டும்தான் வேறு, உள்ளே அதே நெட்வொர்க். கிளையன்ட் ஐசொலேஷன் என்று ஒரு டிக் இருக்கும், அதுவும் பெரும்பாலும் ஃபோனுக்கும் ஃபோனுக்கும் நடுவில்தான் நிற்கும், ஒயரில் இருக்கும் பிரிண்டரைக் காக்காது. கெஸ்ட்டில் சேர்ந்து, ஃபோன் பிரவுசரில் பிரிண்டரின் ஐபி முகவரியை (நெட்வொர்க்கில் அதற்கு இருக்கும் எண்) அடித்துப் பாருங்கள். பக்கம் திறந்தால் பிரியவில்லை என்று அர்த்தம்.

லேப்_அக்கா:
இப்போதுதான் பார்த்தேன் தம்பி. கெஸ்ட் போட்டும் பிரிண்டர் பக்கம் திறக்கிறது, டோனர் எவ்வளவு மிச்சம் என்பது வரை தெரிகிறது. ஆக்சஸ் பாயின்ட் பக்கமும் திறந்தது, அட்மின், அட்மின் என்று அடித்ததும் உள்ளே விட்டுவிட்டது. பயமாக இருக்கிறது.

கிரிம்பிங்_கை:
அட்மின் பாஸ்வேர்டை இந்த நிமிடமே மாற்றுங்கள். கையோடு ஃபர்ம்வேரையும் (கருவிக்குள் ஓடும் மென்பொருள்) புதுப்பியுங்கள், டெல்நெட் (என்க்ரிப்ட் ஆகாத பழைய லாகின் வழி) இருந்தால் நிறுத்துங்கள். ஹால் சுவரில் இருப்பது கைக்கு எட்டும் உயரமா? ரீசெட் துளையில் ஒரு பின்னைப் பத்து நொடி அழுத்தினால் செய்தது அத்தனையும் போய் மறுபடி அட்மின், அட்மின். சீலிங் பக்கம் ஏற்றிவிடுங்கள்.

சர்வர்_ரூம்:
அடுத்த பாதுகாப்பு முறையான டபிள்யூபிஏ3 இருந்தால் ஊழியர் வைஃபையில் போடுங்கள், பதிவு செய்துகொண்டு போய் உடைக்கும் வித்தை அதில் நடக்காது. பழைய லேப்டாப் சேராமல் அடம்பிடித்தால் 2-ம் 3-ம் கலந்த மோடு.

பிரிப்பதற்கு விலான்தான் வழி, அதாவது ஒரே ஒயரிங்கை எண் போட்டுத் தனித்தனி நெட்வொர்க்காகப் பிரிப்பது. இருக்கிற சுவிட்சை வைத்து முடியாது, விலான் தெரிந்த சின்ன ரவுட்டர் ஒன்று, மேனேஜ்டு சுவிட்ச் (ஒவ்வொரு போர்ட்டையும் தனியாக அமைக்கக்கூடியது) ஒன்று வாங்க வேண்டும். உங்கள் ஆக்சஸ் பாயின்ட்டிலும் விலான் வசதி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், சில மலிவு மாடல்களில் இருக்காது. விலான் எண் 10 பில்லிங், ரிப்போர்ட், பிரிண்டருக்கு. 20 கெஸ்ட்டுக்கு. 30 கேமராவுக்கு. 20-இல் இருப்பவர்களுக்கு இன்டர்நெட் தவிர எங்கேயும் வழி கிடையாது என்று ரவுட்டரில் ஒரு ரூல். ஹாலில் இருக்கும் ஆக்சஸ் பாயின்ட்டில் ஊழியர் வைஃபையே வேண்டாம், 20-ஐ மட்டும் கொடுத்து, அதன் மேனேஜ்மென்ட்டை (அட்மின் பக்கம்) தனி விலானில் வையுங்கள். யாராவது அந்த ஒயரைப் பிடுங்கி லேப்டாப்பில் சொருகினாலும் ரிப்போர்ட் ஃபோல்டர் பக்கம் போக முடியாது.

லேப் மூடிய பிறகு செய்யுங்கள். எந்த போர்ட்டில் எந்த ஒயர் என்று டேப் ஒட்டி எழுதிவிட்டுத் தொடங்குங்கள். ஒரு போர்ட்டில் விலான் எண் (டேக்) மாறினாலும் கெஸ்ட் ஃபோன்கள் ஐபி கிடைக்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும், அப்படி நடந்தால் வேறு எதையும் தொடாமல் அந்த போர்ட்டை முதலில் பாருங்கள்.