பெக்கட் மெஷின் கோளாறு: குற்றம் இரும்பிலா, தூளிலா?

கொட்டகலை தம்பி: எங்களிடம் 50 கிராம் தேயிலை பெக்கட் போடும் பழைய மெஷின் ஒன்று இருக்கிறது. மேலே நாலு கப் உள்ள தட்டு சுற்றி அளந்து போடும். கீழே பிலிம் குழாயாக மடிந்து, சீல் ஆகி, வெட்டுப்படும். நிமிடத்துக்கு 30 பெக்கட். போன வாரம் வரை பேச்சில்லாமல் ஓடியது. இப்போது ஒன்று 46 கிராம், அடுத்தது 53. அதோடு பத்தில் இரண்டு மூன்று பெக்கட்டில் சீலுக்குள் தூள் மாட்டிக்கொள்கிறது. அமுக்கினால் புஸ்ஸென்று காற்று போகிறது. ஹீட்டர் சூட்டைக் கூட்டினேன், பிலிம் சுருங்கியதுதான் மிச்சம்.

ரோதைக்காரன்: தம்பி, இதில் யோசிக்க என்ன இருக்கிறது? டைமிங் போய்விட்டது. தூள் விழுந்து முடிவதற்குள் சீல் போடும் இரும்பு மூடுகிறது. செயின் தொய்ந்திருக்கும். மெஷினைக் காக்கும் சாமி ரோதைமுனிக்கு ஒரு தேங்காயை உடைத்துவிட்டு, கப் தட்டின் பல்சக்கரத்தை ஒரு பல் முன்னே தள்ளிப் போடு. 28 வருஷம் ரோலரோடும் டிரையரோடும் மல்லுக்கட்டியவன் சொல்கிறேன்.

தலவாக்கலை டீமேக்கர்: அண்ணே, டைமிங் போனால் எல்லா பெக்கட்டும் அல்லவா கெடும்? பத்தில் மூன்று மட்டும் ஏன்? தம்பி, போன வாரம் தூளை மாற்றினீர்களா?

கொட்டகலை தம்பி: ஆமாம். முன்பு பிஓபிஎப் என்ற சிறு துகள் ரகம் மட்டும். இப்போது அதைவிடப் பெரிய துகளான பிஓபியோடு, மிக நைசான டஸ்ட் ரகத்தைக் கலக்கிறோம்.

தலவாக்கலை டீமேக்கர்: அதை முதலில் சொல்ல வேண்டாமா! கப்புக்கு எடை தெரியாது, எவ்வளவு இடம் நிரம்பியது என்பதுதான் தெரியும். ஒரே கப்பில் பிஓபியை விட டஸ்ட் கனக்கும். மெஷின் அதிர அதிர, தூள் கொட்டி வைக்கும் மேல்தொட்டியான ஹொப்பரின் அடிக்கு டஸ்ட் இறங்கிவிடும். முதலில் வரும் பெக்கட் கனக்கும், போகப் போகக் குறையும். அதோடு இது தென்மேற்கு மழைக்காலம். டிரையரை விட்டு 3 சதவீத ஈரத்தோடு வருகிற தூளைத் திறந்த சாக்கில் வைத்தால், உங்கள் ஊர் மூடுபனியைக் குடித்துவிட்டு ஒட்டத் தொடங்கும்.

ரோதைக்காரன்: தேயிலை தயாரிப்பைப் பார்க்கும் டீமேக்கர்மாருக்கு எதற்கெடுத்தாலும் மழை. தேயிலை கெட்டால் கொழுந்து சரியில்லை, கொழுந்து நன்றாக இருந்தால் மெஷின் பார்க்கிற பிட்டர் சரியில்லை.

பண்டாரவளை அக்கா: இரண்டு பேரும் கொஞ்சம் பொறுங்கள். நானும் இதே மாதிரி மெஷினில்தான் பிழைக்கிறேன். தம்பி, எதையும் திருகாதீர்கள். கப்புகளில் பெயின்டால் 1, 2, 3, 4 என்று எழுதுங்கள். தொடர்ந்து 40 பெக்கட் எடுத்து, எது எந்தக் கப்பில் வந்தது என்று குறித்து நிறுங்கள். ஒரு கப் மட்டும் குறைந்தால் கோளாறு அந்தக் கப்பில். நாலும் சேர்ந்து மெல்ல இறங்கினால் ஹொப்பரில். ஒழுங்கே இல்லாமல் ஆடினால், கப் வாயை வழிக்கிற பிரஷ் தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

கொட்டகலை தம்பி: அக்கா, நீங்கள் எழுதியதைப் பார்க்கு முன்பே, நேற்று ராத்திரி ஒரு பல் நகர்த்திவிட்டேன். இப்போது எல்லா பெக்கட்டிலும் சீலில் தூள்.

பண்டாரவளை அக்கா: பழைய இடத்தில் அடையாளம் வைத்தீர்களா?

கொட்டகலை தம்பி: இல்லை.

பண்டாரவளை அக்கா: சரி, ஒரு பல்தானே. திருப்பிப் போட்டுவிட்டு நிறுங்கள். இனி எந்த நட்டைத் தொட்டாலும் முதலில் ஒரு கோடு கீறுங்கள்.

ரோதைக்காரன்: முன்னே என்றால் எந்தப் பக்கம் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். அது என் பிழைதான். செயின் விஷயத்தில் பிழையில்லை.

கொட்டகலை தம்பி: நிறுத்துவிட்டேன். 3ஆம் கப் பத்து முறையும் 46, 47தான். மற்ற மூன்றும் 53இல் தொடங்கி, ஹொப்பர் குறையக் குறைய 50க்கு வந்தன. கசிந்தவை எல்லாமே 3ஆம் கப் பெக்கட். கரண்டை நிறுத்திவிட்டுத் தட்டைக் கையால் மெதுவாகச் சுற்றினேன். அந்தக் கப்பின் அடிக்கதவு பாதிதான் திறக்கிறது. கீலில் டஸ்ட் ஈரத்தோடு சேர்ந்து பழம்புளி மாதிரி அப்பிக் கிடக்கிறது.

பண்டாரவளை அக்கா: அதுதான். கதவு பாதி திறந்தால் கொஞ்சம் தூள் கப்பிலேயே நின்றுவிடும், எடை குறையும். கொஞ்சம் பிந்தி விழும், இரும்பு மூடும் நேரத்தில் மாட்டும். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். மரக்குச்சியால் சுரண்டி, காய்ந்த பிரஷால் துடையுங்கள். எண்ணெய் விட்டுவிடாதீர்கள், ஜனங்கள் குடிக்கிற சாமான்.

தலவாக்கலை டீமேக்கர்: கீலில் அப்பியது ஈரத் தூள். 53இலிருந்து 50க்கு இறங்கியது கலவை. நான் வேறு எதுவும் சொல்லத் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

ரோதைக்காரன்: திறக்காத கதவு எதில் செய்தது? இரும்பில்.

கொட்டகலை தம்பி: துடைத்துவிட்டு ஒரு மணி நேரம் ஓட்டினேன். 3ஆம் கப் மற்றவற்றோடு சேர்ந்துகொண்டது, ஒரு பெக்கட்கூடக் கசியவில்லை. அந்த 53, 50 இறக்கம் மட்டும் இன்னும் இருக்கிறது. டீமேக்கர் ஐயா, என்ன செய்யலாம்?

தலவாக்கலை டீமேக்கர்: ஒரேயடியாகக் கலந்து கொட்டாமல் பத்துப் பத்துக் கிலோவாகக் கலந்து போடுங்கள். ஹொப்பர் பாதிக்குக் கீழே இறங்க விடாதீர்கள். சாக்கின் வாயைக் கட்டி வையுங்கள்.

ரோதைக்காரன்: ஞாயிற்றுக்கிழமை அந்தப் பக்கம் வருகிறேன் தம்பி. செயினைப் பார்க்க வேண்டும். தொய்ந்துதான் இருக்கும்.